தாங்குவது வேறு, வாங்கிக்கொள்வது வேறு: அலுமினிய நுரை மோதலில் என்ன செய்கிறது?

கேள்வி கேட்டவர் பாலக்கோட்டைச் சேர்ந்த ஒரு தம்பி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்: "அலுமினியத்தை நுரை மாதிரி பொங்க வைத்து, மோதலில் அடியை வாங்க வைக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். முக்கால்வாசிக்கு மேல் காற்றாக இருக்கிற உலோகம் எப்படி அடியைத் தாங்கும்? அதற்குப் பதில் நல்ல கனமான ஸ்பிரிங் போட்டால் போதாதா? நம்ம தொப்பூர் கணவாயில் தடுப்புச் சுவருக்கு முன்னால் இதை வைத்தால் என்ன?"

தொப்பூருக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்ற கணக்கு கடைசியில் வரும். முதல் இரண்டு கேள்விகளில்தான் சரக்கு இருக்கிறது. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பொருளை நசுக்குவது, இழுத்து அறுப்பது, மேலிருந்து போட்டு உடைப்பது, இதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தேங்காயை எடுத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஐம்பதடி மரத்திலிருந்து மட்டையோடு தொப்பென்று விழுகிற காய் உடைவதில்லை. அதே காயை உரித்து, கோயில் வாசலில் ஓங்கி அடித்தால் சிதறுகாய். ஓடு அதே ஓடுதான். நடுவில் மட்டை இருந்தது, இப்போது இல்லை. அந்த மட்டையில் என்ன பெரிய பலம்? கட்டைவிரலால் அழுத்தினாலே கொஞ்சம் அமுங்கும். அது அமுங்குவதால்தான் உள்ளே இருக்கிற ஓடு பிழைக்கிறது.

தம்பியின் கேள்வியில் ஒரு சொல் இடறுகிறது: "தாங்கும்". பாலத்துத் தூண் சுமையைத் தாங்குகிறது. அது அசையக்கூடாது, நசுங்கக்கூடாது. மோதலில் நமக்கு வேண்டியது வேறு. ஓடி வருகிற வண்டியிடம் இருக்கிற ஆற்றலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதைத் திருப்பித் தரக்கூடாது, வாங்கும்போது முரட்டுத்தனமாகப் பிடுங்கவும் கூடாது. தாங்குகிறவனை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

கணக்கில் பார்ப்போம். 1,000 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் 50,000 ஜூல். வண்டி நின்றே ஆக வேண்டும் என்றால் இந்த 50,000 ஜூலும் எங்காவது போயாக வேண்டும், அதில் பேரம் கிடையாது. பேரம் பேச முடிவது தூரத்தில்தான். ஆற்றல் என்பது விசையைத் தூரத்தால் பெருக்கியது. 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை சுமார் 100 டன். 50 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 10 டன். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மீது முதல் வகையில் புவியீர்ப்பைப்போல 100 மடங்கு, இரண்டாவதில் 10 மடங்கு. முதலாவதில் ஆள் மிஞ்சமாட்டார். இரண்டாவதில் பெல்ட் போட்டிருந்தால் கழுத்து வலியோடு இறங்கி நடப்பார்.

ஆக, நல்ல உறிஞ்சி எது என்பதற்கு இலக்கணம் வந்துவிட்டது. விசை ஒரு வரம்புக்கு மேல் போகக்கூடாது. ஆனால் அந்த வரம்பைத் தொட்ட பிறகு, நசுங்குகிற தூரம் முழுக்க அதே விசையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி நடந்துகொள்ளும் பொருள்கள் உலகத்தில் அதிகம் இல்லை. உலோக நுரை அந்தச் சிலவற்றில் ஒன்று.

நான் முதன்முதலில் அதைக் கையில் எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு பலகை வந்திருந்தது. நிறத்தில் பழைய அலுமினியப் பாத்திரம், வெட்டுமுகத்தில் அப்படியே ஆப்பத்தின் நடு. நாலு மில்லிமீட்டர் அகலத்தில் குமிழ் குமிழாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தாள் போல மெல்லிய சுவர். தூக்கினால் கை ஏமாந்துபோகும். கண் உலோகம் என்று சொல்லி வைத்திருக்கும், கை அதற்குத் தயாராகப் போகும், எடை வராது. நான் செய்த முதல் வேலை அதை ஹேக்சா பிளேடால் அறுத்தது. அது தப்பு. அறுத்த முகத்தில் இருந்த அறைகள் எல்லாம் கிழிந்து மடங்கிப்போய், மிஷினில் வைத்தபோது கிராஃப் ஆரம்பத்திலேயே சாய்ந்துகொண்டு வந்தது. விலை கொடுத்து வாங்கிய பலகையில் கால்வாசி என் அவசரத்தில் போனது. பிறகு, மின்பொறி பாயும் கம்பியால் தொடாமலே அறுக்கிற வயர் கட் மிஷினில் கொடுத்து, பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் கனசதுரமாக வெட்டி வாங்கினோம்.

அந்தக் கனசதுரத்தின் எடை 34 கிராம். ஒரு கோழிமுட்டையை விடக் குறைவு. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், இதில் 0.27. பத்தில் ஒரு பங்குதான் உலோகம், மீதி வெறும் வெளி.

பொருளை இழுத்தும் நசுக்கியும் விசையை அளக்கிற யூடிஎம் மிஷினில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, நிமிடத்துக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் மேல்தட்டை இறக்கினோம். முதல் ஓரிரண்டு மில்லிமீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது. 500 கிலோவைத் தொட்டதும் நின்றுவிட்டது. தட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறது, எண் மட்டும் 490, 520, 480, 510 என்று அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூடி போட்ட டப்பாவுக்குள் அப்பளம் நொறுக்குவது போல, சன்னமான சடசடப்பு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால், துண்டு முழுவதும் ஒரே சீராக அமுங்கவில்லை. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரே ஒரு வரிசை அறைகள் மட்டும் தட்டையாகப் படுத்துவிட்டன. அதற்கு மேலேயும் கீழேயும் இருந்த அறைகள் ஒன்றும் நடக்காததுபோல உருண்டையாகவே இருந்தன. பிறகு அந்தப் படுத்த வரிசைக்குப் பக்கத்து வரிசை படுத்தது. அப்புறம் வேறெங்கோ ஒன்று.

கிட்டத்தட்ட ஆறு நிமிடத்தில் 5 சென்டிமீட்டர் துண்டு 2 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் எண் மறுபடி ஏற ஆரம்பித்தது: 700, 1,000, 2,000. மிஷினை நிறுத்தினோம்.

நசுங்கிய தூரம் கிடையாக, விசை நெடுக்காக வரைந்த இந்த கிராஃபை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகிற பாதைதான் அது. முதலில் ஏற்றம். ஏறி முடித்ததும் பீடபூமி, மைல் கணக்கில் சமவெளி. அந்த மட்டத்தில் ஒரு பரப்பளவுக்கு விழுகிற விசைக்குப் பொருளறிவியலில் பெயரே பீடபூமித் தகைவுதான். ஒரே வித்தியாசம், நிஜ ஓசூர்ச் சாலை பெங்களூருக்குப் போகும், நம் கிராஃபோ ஒரு கட்டத்தில் செங்குத்துப் பாறையில் போய் முட்டும். அறைகள் எல்லாம் படுத்து, சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்ட பிறகு அங்கே நுரை இல்லை, கெட்டி அலுமினியம்தான் மிச்சம். அதை நசுக்கப் போனால் விசை எகிறும்.

கிராஃபுக்குக் கீழே இருக்கிற பரப்புதான் வாங்கிக்கொண்ட ஆற்றல். 5 சென்டிமீட்டர் பக்கம் என்றால் 25 சதுர சென்டிமீட்டர், அதன்மேல் 500 கிலோ, அதாவது சுமார் 2 மெகா பாஸ்கல். உயரத்தில் 60 சதவீதம் நசுங்கியது. பெருக்கினால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 ஜூல், முழுத் துண்டுக்கு 150 ஜூல். 150 ஜூல் என்றால் எவ்வளவு? நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ இருக்கும். அது அரை மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்தால் வருகிற ஆற்றல் அது. 34 கிராம் பொருள் அந்தச் சிலிண்டரைப் பிடித்து, துள்ளவிடாமல் உட்கார வைத்துவிடும்.

இப்போது அதே 34 கிராமைக் கெட்டி அலுமினியமாக வைப்போம். பக்கத்துக்கு 2.3 சென்டிமீட்டர் கனசதுரம் வரும். 200 மெகா பாஸ்கலில் நெகிழத் தொடங்குகிற ரகம் என்றால், அது நசுங்க ஆரம்பிக்கவே 11 டன் விசை வேண்டும். அதற்கு முன்பு அது மீள்தன்மையோடு வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆற்றல் நாலு ஜூல்கூடக் கிடையாது. அதையும் உடனே திருப்பி உதைத்துவிடும். எடை அதே, உலோகம் அதே, உருவம் மட்டும் வேறு. உரித்த தேங்காய் கதைதான்.

ஸ்பிரிங் கேள்விக்கு இங்கேயே பதில் இருக்கிறது. ஸ்பிரிங்கில் விசை பூஜ்யத்திலிருந்து நேர்கோட்டில் ஏறும். உச்சவிசை 500 கிலோ, தூரம் 3 சென்டிமீட்டர் என்று அதே வரம்பைக் கொடுத்தால், அது முக்கோணம், நுரையுடையது செவ்வகம். முக்கோணத்தில் பாதிதான் அடங்கும், 75 ஜூல். இது முதல் குறை. இரண்டாவது குறை பெரியது: அந்த 75 ஜூலையும் ஸ்பிரிங் வட்டியில்லாக் கடன்போல அப்படியே திருப்பிக் கொடுக்கும். 10 மீட்டர் வேகத்தில் வந்தவன் நிற்பதோடு முடியாமல், 10 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பறப்பான். உடம்புக்கு விழுகிற மொத்த உதை இரட்டிப்பு. நெடுஞ்சாலையில் பின்னோக்கிப் பறந்தால் பின்னால் வருகிறவன் வேறு இருக்கிறான். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கோடு ஷாக் அப்சார்பர் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஸ்பிரிங் சேமிக்கும், எண்ணெய் போட்ட குழாய் அதைக் கரைக்கும்.

நுரை வாங்கிய ஆற்றல் எங்கே போகிறது? வெப்பமாக. ஒவ்வொரு அறைச்சுவரும் மடியும்போது மடிப்பில் உலோகம் நிரந்தரமாக நெகிழ்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் சுடுமே, அதே சங்கதி ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில். ஆனால் எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும்: நம்ம துண்டுக்குச் சுமார் 5 டிகிரி. நசுக்கி முடித்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புகூடத் தெரியவில்லை. ஆறு நிமிடத்தில் அந்தச் சூடும் இரும்புத் தட்டுகளுக்குள் இறங்கியிருக்கும்.

பீடபூமி ஏன் வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லா அறையும் ஒரே அளவு, ஒரே தடிமன் என்று இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்து, விசை ஏறி இறங்கி அலைபாயும். நிஜ நுரையில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம். இருப்பதிலேயே பலவீனமான வரிசை முதலில் தோற்கும். அது படுத்துச் சுவர்கள் ஒட்டியதும் அந்த இடம் கெட்டியாகிவிடும், இனி அது தோற்காது. அடுத்த பலவீனமான வரிசையின் முறை. கிராஃபில் தெரிந்த அந்தச் சின்னச் சின்னப் பற்கள் இப்படி வரிசைகள் தோற்றதன் தடயம். வரிசைகள் முறைபோட்டுக்கொண்டு தோற்பதால்தான் விசை ஒரே மட்டத்தில் நிற்கிறது. ஒழுங்கின்மையே இங்கே உதவி செய்கிறது. ஆனால் அளவோடு. ஓரிடத்தில் அறைகள் பெரிய பொத்தலாகிவிட்டால் மட்டம் கெடும்.

அந்த மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை 1980-களில் லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் எளிமையான ஒரு விதியில் அடக்கினார்கள். நுரையின் அடர்த்தியைக் கெட்டி உலோகத்தின் அடர்த்தியால் வகுத்து, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, உலோகத்தின் நெகிழ்வு வலிமையாலும் 0.3 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். நம்ம துண்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 0.1-இன் ஒன்றரை அடுக்கு 0.0316, இருநூறால் பெருக்கி, 0.3-ஆல் பெருக்கினால் 1.9 மெகா பாஸ்கல். மிஷின் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். இந்த விதி உண்மையில் திறந்த அறைகளுக்கானது, அதாவது சுவர் இல்லாமல் வெறும் கம்பி எலும்புகள் மட்டும் உள்ள நுரைக்கானது. நம்ம துண்டு மூடிய அறைகள் கொண்டது, சுவரும் இழுபட்டு எதிர்க்க வேண்டும், இன்னும் பலமாக இருக்க வேண்டும். ஆனால் தயாரிப்பில் சுவர்கள் நெளிந்தும் கிழிந்தும் வருவதால், மூடிய நுரையும் நடைமுறையில் திறந்த நுரை அளவுக்கே நிற்கிறது.

அந்த ஒன்றரை அடுக்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடர்த்தியை இரட்டிப்பாக்கினால் விசை இரண்டு மடங்காகாது, 2.8 மடங்காகும். 1.9 மெகா பாஸ்கல் இருந்த இடத்தில் 5.4 வரும். இங்கேதான் புதிதாக வருகிற எல்லோரும் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கினேன். "பாதுகாப்புக்குத்தானே, கெட்டியானதைப் போடுவோம்" என்று அடர்த்தி கூடிய நுரையை வைத்து, எடையை மேலிருந்து போடுகிற டிராப் டெஸ்ட் செய்தால், துண்டு பாதிகூட நசுங்காமல் நிற்கும். மேலே வைத்த அளவியில் விசை வரம்பைத் தாண்டியிருக்கும். நசுங்காமல் மிச்சமான நுரை வீண். அடர்த்தி ரொம்பக் குறைந்ததைப் போட்டாலோ, ஆற்றல் தீருவதற்குள் நுரை முழுக்கப் படுத்து, செங்குத்துப் பாறையில் முட்டும். மாம்பழக் கூடையில் வைக்கோல் போடுகிறவர்களுக்கு இது கைப்பாடம். வைக்கோலைக் கொஞ்சமாகப் போட்டால் காய் அடியில் தட்டும், திணித்து இறுக்கினால் வைக்கோலே கல்லாகிவிடும்.

ஹெல்மெட்டும் இதே கணக்குதான். உள்ளே இருக்கிற தெர்மாகோல் போன்ற வெள்ளை அடுக்கும் ஒரு நுரை, அதற்கும் பீடபூமி உண்டு. மண்டையோட்டுக்குப் பழுதில்லாத விசையில் நசுங்குகிற மாதிரி அதன் அடர்த்தியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கயிற்றில் தொங்குகிற மலிவு ஹெல்மெட்டுகள் சிலவற்றில் விரலை விட்டுப் பாருங்கள், ஓட்டுக்கு அடியில் வெறும் பஞ்சு இருக்கும். போட்டுக்கொள்ள அதுதான் சுகம். பஞ்சின் பீடபூமி தரையோடு தரையாக இருப்பதால், அடி விழுந்தால் அது இல்லாததற்குச் சமம். ஐஎஸ் 4151 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பலமாக விழுந்த ஹெல்மெட்டை, வெளியே கீறல்தான் என்றாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே அந்த அடுக்கு தன் பங்கைக் கொடுத்துத் தீர்த்திருக்கும்.

இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பமாவு நீர்த்துப்போனால் குமிழ் நிற்காது இல்லையா? உருகிய அலுமினியமும் தண்ணீர்போல நீர்த்தது, குமிழ் விட்டால் மேலே ஏறி வெடித்துவிடும். ஜப்பானில் வந்த ஒரு முறையில் அதில் சுமார் 1.5 சதவீதம் கால்சியம் சேர்த்துக் கிளறிக் கெட்டியாக்குவார்கள். பிறகு சுமார் 1.6 சதவீதம் டைட்டானியம் ஹைட்ரைடு தூள். அது 680 டிகிரி சூட்டில் சிதைந்து ஹைட்ரஜனை விட, உலோகம் பொங்கும், அப்படியே ஆறவைப்பார்கள். கனடாவில் வந்த முறையில் சிலிக்கான் கார்பைடு துகளைக் கலந்து கெட்டியாக்கி, நேரடியாகக் காற்றை ஊதுவார்கள். அலுமினியத் தூளோடு ஹைட்ரைடு தூளைக் கலந்து அழுத்திக் கட்டியாக்கி, பிறகு சூடாக்கிப் பொங்க வைக்கிற முறையும் உண்டு. யோசனை பழையது. 1948-லேயே பெஞ்சமின் சாஸ்னிக் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார், பாதரசத்தை ஆவியாக்கி அலுமினியத்தைப் பொங்க வைக்க! அந்த வழி அப்படியே போயிருந்தால் தொழிலாளிகள் கதி என்னவாகியிருக்குமோ.

நான் சொன்னதெல்லாம் மெதுவாக நசுக்கிய கணக்கு. மோதல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுமே, அப்போதும் இதே எண்கள்தானா? சாலை வேகத்தில், பெரும்பாலும் ஆமாம். அலுமினியம் வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாத உலோகம். அறைக்குள் அடைபட்ட வாயு எதிர்க்குமே என்றால், பாதி உயரம் நசுங்கிய நிலையில் அது சேர்ப்பது சுமார் 0.12 மெகா பாஸ்கல்தான். அதுவும் சுவர் கிழிந்தால் வெளியே போய்விடும்.

வேகம் மிக அதிகமானால் கதை மாறும். அப்போது பலவீனமான வரிசை எங்கே என்று தேடிப்போக நேரமில்லை. அடி விழுந்த முகத்தில் இருக்கிற வரிசையே முதலில் படுக்கும், அங்கிருந்து ஒரு நசுங்கல் அலை உள்ளே நகரும். முன்னால் இருக்கிற நுரையை அந்த வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போகவும் விசை வேண்டும். அந்தக் கூடுதல் விசை, நுரையின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, முழுதாகப் படுக்கும்போது உள்ள திரிபால் (உயரத்தில் எத்தனை பங்கு நசுங்கியது என்ற எண்ணால்) வகுத்தது. மணிக்கு 72 கிலோமீட்டரில் அது 0.14 மெகா பாஸ்கல், நம்ம 2-க்கு முன்னால் தூசு. நொடிக்கு 100 மீட்டரில் 3.4 ஆகிவிடும், பீடபூமியையே விழுங்கிவிடும். விசித்திரம் என்னவென்றால் இந்தக் கூடுதல் அடி விழுந்த முகத்துக்குத்தான். அலை வந்து சேரும்வரை பின்பக்கத்தில் இருப்பவருக்கு அதே 2 மெகா பாஸ்கல்தான் தெரியும். அலை பின்சுவரை எட்டும்போதும் வேகம் மிச்சமிருந்தால், அங்கே ஓங்கி ஒரே அடி. குண்டுவெடிப்பைத் தடுக்கச் சுவரில் நுரை ஒட்டுகிறவர்கள் இதற்குத்தான் பயப்படுவார்கள். தடிமன் போதாவிட்டால், நுரை இல்லாத சுவரை விட நுரை ஒட்டிய சுவர் அதிக அடி வாங்கும்.

இவ்வளவு நல்ல பொருள் என்றால் ஓசூரிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு வண்டியிலும் ஏன் இல்லை? விலை ஒரு காரணம். ஒரே பலகையில் இந்த மூலையும் அந்த மூலையும் ஒரே மாதிரி இருக்காது என்பது இன்னொன்று. டெஸ்டிங் ஆளாக எனக்கு அதுதான் தலைவலி. ஆனால் பெரிய காரணம் வேறு. எடைக்கு எடை பார்த்தால், நீளவாக்கில் மடிந்து மடிந்து நசுங்குகிற சாதாரண மெல்லிய அலுமினியக் குழாய் நுரையை ஜெயித்துவிடுகிறது. நம்ம நுரை ஒரு கிலோவுக்கு சுமார் 4,400 ஜூல். நன்றாக வடிவமைத்த குழாய் அதைப்போலப் பல மடங்கு வாங்கும். அதனால்தான் காரின் முன்பக்க பம்பருக்குப் பின்னால் கிராஷ் பாக்ஸ் என்ற குழாய் இருக்கிறது. முன்பு போட்ட காரின் 50,000 ஜூலை நுரையால் வாங்க வேண்டுமென்றால் 42 லிட்டர் நுரை வேண்டும். எடை 11 கிலோதான், ஆனால் இடம் இரண்டு தண்ணீர் கேன். 10 டன் விசையில் 50 சென்டிமீட்டர் நசுங்க, 83 சென்டிமீட்டர் நீளக் கட்டை. பானட்டுக்குள் அதற்கு இடம் எங்கே?

குழாயின் பலவீனம், நேராக வருகிற மோதலுக்குத்தான் அது மடியும். சாய்வாக வந்தால் ஒடிந்து விழும். தேன்கூடு அமைப்பும் அப்படித்தான், நீளவாக்கில் அசுரன், பக்கவாட்டில் ஒன்றுமில்லை. அப்பல்லோ நிலவுக் கலத்தின் கால்களுக்குள் நசுங்கும் அலுமினியத் தேன்கூடு வைத்தார்கள், ஏனென்றால் கால் எந்தத் திசையில் அமுங்கும் என்று அங்கே முன்பே தெரியும். நுரைக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். அதனால் அதன் நல்ல இடம் குழாய்க்குள்ளே. நுரை நிரப்பிய குழாய், குழாயும் நுரையும் தனித்தனியாக வாங்குவதன் கூட்டுத்தொகையை விட அதிகம் வாங்கும். உள்ளே நுரை முட்டுக் கொடுப்பதால் குழாயின் மடிப்புகள் குட்டையாகி, எண்ணிக்கையில் கூடுகின்றன. இங்கேயும் அடர்த்தி கூடினால் ஆபத்து, குழாய் மடியாமல் நடுவில் வளைந்துவிடும். இன்னொரு திசையில், அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அஃப்சானே ரபியேய் குழுவினர் உள்ளீடற்ற எஃகு உருண்டைகளை உலோகத்தில் புதைத்து ஒரு கூட்டு நுரை செய்திருக்கிறார்கள். அறைகள் சீரானவை, துப்பாக்கிக் குண்டுக்கே சோதித்திருக்கிறார்கள். அது கனமான சாதி, கவசத்துக்கானது.

சரி, தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் நீளமான இறக்கம், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற பாரவண்டிகள்தான் அங்கே பிரச்சினை. 30 டன் லாரி, மணிக்கு 72 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சம் ஜூல். நம்ம நுரையில் 5 கன மீட்டர், 1,350 கிலோ வேண்டும். புவியீர்ப்பைப்போல இரண்டு மடங்குக்குள் நிறுத்த வேண்டுமென்றால் பத்து மீட்டர் நசுங்க வேண்டும், அதற்கு 17 மீட்டர் நீளக் கட்டை. அந்த நீளத்துக்கு மெல்லியதாக நிற்கிற கட்டை நசுங்காது, வளைந்து ஒதுங்கும், லாரி அதைத் தாண்டிப் போகும். போட்ட செலவு ஒரே ஒரு லாரியோடு தீர்ந்துவிடும், மறுநாள் புதுசு வைக்க வேண்டும். இதே வேலையைச் சரளைக்கல் படுகை செய்யும். சக்கரம் புதைந்து, கல்லை உழுதுகொண்டே ஆற்றல் தீரும். ஐம்பது நூறு மீட்டர் இடம் கேட்கும், ஆனால் முடிந்ததும் வாரிச் சமப்படுத்தினால் மறுபடி தயார். கார்களுக்குத் தூண் முனைகளில் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்கள் வைக்கலாம். ஜான் ஃபிட்ச் என்ற கார் பந்தய வீரர் கொண்டுவந்த யோசனை அது. இடம் தாராளமாக இருக்கிற இடத்தில் மலிவான பொருள்தான் ஜெயிக்கும். நுரைக்கு மதிப்பு, இடமும் எடையும் கஞ்சத்தனமாக இருக்கிற இடத்தில்.

தம்பி, புராஜெக்டுக்கு இதை எடுப்பதாக இருந்தால், முதலில் தெர்மாகோல் துண்டை மிஷினில் வைத்து நசுக்கிப் பாருங்கள். காசில்லாமல் அதே பீடபூமி வரும். எலக்ட்ரிக்கல் கடை பெட்டிக்குள் வருகிற லேசானது ஒன்று, ஐஸ் பெட்டியில் வருகிற கெட்டியானது ஒன்று எடுத்து அடர்த்தியை அளந்துகொண்டால், மட்டம் எப்படி ஏறுகிறது என்று நீங்களே கோடு போடலாம். அலுமினிய நுரை கிடைத்தால், துண்டின் ஒவ்வொரு பக்கமும் அறையின் அகலத்தைப்போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். அதைவிடச் சின்னதாக வெட்டினால் நீங்கள் அளப்பது நுரையை அல்ல, நாலு அறைகளை. உலோக நுரையை நசுக்க ஐஎஸ்ஓ 13314 என்று 2011-இல் வந்த தரமுறை உண்டு, பீடபூமித் தகைவை 20 முதல் 30 சதவீதத் திரிபுக்குள் சராசரி எடுக்கச் சொல்கிறது. ஹேக்சா மட்டும் வேண்டாம்; ஓசூரில் வயர் கட் வைத்திருக்கிற டூல் ரூம்கள் ஏராளம், மாலை நேரத்தில் போய்க் கேட்டால் செய்து கொடுப்பார்கள். இரண்டு துண்டை முழுதாக நசுக்காமல் 20 சதவீதத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதையும் வயர் கட்டிலேயே நடுவில் வெட்டுங்கள், சுவர் கிழியாது. எந்த வரிசை முதலில் படுத்தது, அங்கே சுவர் எவ்வளவு மெல்லியது என்று லென்ஸ் வைத்தே பார்த்துவிடலாம். கிராஃபில் முதல் பல் எங்கே விழுந்ததோ, அதன் ஆள் அங்கே படுத்திருப்பான்.